பீத்துணியும் பொதுப்பார்வையும்

நம் சிறுகதைக்காரர்களுக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. மகன் அமெரிக்காவில். மாம்பலத்திலோ மயிலாப்பூரிலோ அப்பா படுத்த படுக்கை. ஈசிச்சேர், பழைய டிரான்சிஸ்டர், வராத தொலைபேசி. வாசகர் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும். துடைத்துக்கொள்ளட்டும். அந்தப் பெரியவருக்குத் துடைத்துவிட்டது யார்? வேலைக்காரி வந்து சுத்தம் செய்தாள் என்று ஓர் அரைவரி வரும், அவ்வளவுதான். அந்த அரைவரிக்குள் அடைத்து வைக்கப்பட்ட சனத்திலிருந்து வந்தவள் நான்.

என் சின்னம்மா சென்னையில் இந்த வேலைதான் பார்க்கிறாள். விடியல்ல டயப்பர் மாத்தணும். வெந்நீரில் துணி நனைச்சு உடம்பு துடைக்கணும். படுக்கைப்புண் வராமலிருக்க ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைக்கணும், ராத்திரியிலும்தான். மூக்குக் குழாயில் கஞ்சி ஊத்தும்போது தலைமாட்டை உயர்த்தலைன்னா நுரையீரலுக்குள்ள போயி ஆளே போயிடும். இத்தனையும் தெரிந்தவளைத்தான் 'படிக்காதவ, வேற என்ன வேலை தெரியும்' என்கிறார்கள். கட்டிலுக்குக் கீழே தரையில் அவளுக்குப் பாய். எண்பது கிலோ உடம்பைத் தூக்கித் தூக்கி இடுப்பு போச்சு. ஏஜென்சிக்காரன் வீட்டாரிடம் 25,000 வாங்கிக்கொண்டு அவள் கையில் 15,000 வைக்கிறான். லீவு எடுத்தால் அதிலும் பிடித்தம்.

சமையலுக்கு ஆள் கேட்கிறவர்கள் என்ன சாதி என்று கேட்கிறார்கள். பீ அள்ள ஆள் கேட்கும்போது யாரும் கேட்பதில்லை. 'நாங்க சாதியெல்லாம் பாக்கறதில்லம்மா' என்று அதிலே பெருமை வேறு. சின்னம்மாவின் கை அந்தப் பெரியவரின் குண்டியைக் கழுவலாம். அதே கை சோப்புப் போட்டுக் கழுவின பிறகும் அடுப்பங்கரைத் தண்ணிக் குடத்தைத் தொடக்கூடாது. அவளுக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர், பால்கனியில் வாஷிங் மெஷினுக்கு மேலே. கேட்டால் சுகாதாரம் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து டயப்பர் மாற்றுகிறாள், கை கழுவுகிறாள், போய்ச் சாம்பார் வைக்கிறாள். அங்கே எங்கே போனது அந்தச் சுகாதாரம்? கையில் பட்டது பெரியவருடைய மலம். தீட்டு மட்டும் எப்படி அவளுடையதாச்சு?

சட்டம் இருக்கிறதே என்பார்கள் நண்பர்கள். இருக்கிறது. 1950 முதல் அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு இருக்கிறது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, 2015இல் திருத்தியும் ஆயிற்று. ஆனால் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது குற்றமாக வேண்டுமென்றால், அது 'பொதுப்பார்வைக்கு உட்பட்ட இடத்தில்' நடந்திருக்க வேண்டும். 2008இல் உச்சநீதிமன்றம் விளக்கியது: வீட்டுக்கு வெளியே புல்வெளியில், மதிலுக்கு அப்பால் சாலையில் போகிறவர் பார்க்கிற மாதிரி திட்டினால் அது பொதுப்பார்வை. 2020இல், உத்தரகாண்டிலிருந்து வந்த ஒரு வழக்கில், பொதுமக்கள் யாரும் இல்லாத நான்கு சுவருக்குள் நடந்த வசவு இந்தச் சட்டத்தின்படி குற்றமாகாது என்று சொன்னது. உறவுக்காரர்களும் நண்பர்களும் மட்டும் கூட இருந்தால் அவர்கள் பொதுமக்கள் ஆகமாட்டார்கள்.

தோழர்களே, சின்னம்மாவின் வேலையிடமே அந்த நான்கு சுவர்தான். இருபத்துநாலு மணி நேரமும். அங்கே இருக்கிற ஒரே வெளிச்சாட்சி பக்கவாதத்தில் பேச்சிழந்துபோன மனிதர். தெருவில் திட்டினால் வன்கொடுமை, பெட்ரூமில் திட்டினால் வீட்டு விஷயம். ஊர் என்றும் சேரி என்றும் கோடு கிழித்தவன், இப்போது வீட்டு வாசப்படியில் இன்னொரு கோடு கிழித்திருக்கிறான். வெளியே நீ குடிமகள், உள்ளே நீ அடிமை.

படுத்துக் கிடப்பவர் நம் எதிரியல்ல. எழ முடியாத உடம்புக்கு இன்னொரு கை வேண்டும், அது அவருடைய உரிமை. உயர் ஆதரவு தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பராமரிப்பாளர் படி பற்றி 2016 சட்டமே பேசுகிறது. தமிழ்நாட்டில் கடும் ஊனமுற்றோருக்கான மாதத் தொகை 2023 தொடக்கத்தில் 1,500லிருந்து 2,000 ரூபாய் ஆனது. ஏஜென்சிக்காரன் கணக்கில் இரண்டரை நாள் கூலி. காசுள்ள வீடு ஆள் வைத்துக்கொள்ளும். சேரியில் ஊனமுற்ற பிள்ளையைப் பெற்றவள் கூலிக்குப் போவதை நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

எங்கள் பக்கம் ஆயா என்றால் பாட்டி. பட்டணத்தில் ஆயா என்றால் பீத்துணி அலசுகிறவள். என் ஆயா, சின்னம்மாவைப் பெற்றவள், இடுப்பெலும்பு உடைஞ்சு ஊரில் கிடக்கிறாள். கழனி வேலை முடிஞ்சு வர்ற பக்கத்து வீட்டுப் பொம்பளைங்கதான் புரட்டிப் போடுறாங்க. பகலில் யாருமில்லை. முதுகில் புண் வந்துவிட்டது. புண் வராமல் பார்க்கத் தெரிந்தவள் இன்னொருத்தர் தகப்பனைப் புரட்டிக்கொண்டிருக்கிறாள். முதியவரைப் பராமரிக்க வேண்டியவர் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை என்கிறது 2007 சட்டம். யாரைப் பிடித்து உள்ளே போடுவீர்கள்?

'பராமரிப்பு உழைப்பு' என்று கருத்தரங்கு நடத்துகிற பெண்ணியத் தோழிகளுக்கும், அமைப்புசாராத் தொழிலாளர் என்று ஒரே மூட்டையில் கட்டுகிற இடதுசாரித் தோழர்களுக்கும் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் அந்த டம்ளர் எங்கே இருக்கிறது?

வீட்டுப் பணியாளருக்கான 189ஆம் உடன்படிக்கை 2011இல் ஜெனீவாவில் வந்தபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. நாம் கேட்க வேண்டியது இதுதான்: சம்பளம் வாங்கி ஒருத்தி வேலை செய்கிற வீடு வேலையிடம் என்று சட்டத்தில் எழுது. வேலையிடத்தில் சாதி சொல்லித் திட்டினால், பார்க்க ஆளிருந்தாலும் இல்லாவிட்டாலும் வன்கொடுமை என்று எழுது. ஏஜென்சி எடுக்கும் பங்குக்கு வரம்பு கட்டு. ஆய்வாளரை உள்ளே அனுப்பு.

வீட்டுக்குள் ஆய்வாளரா, அந்தரங்கம் என்னாவது என்று குதிக்கிறார்கள். அந்த வீட்டின் அந்தரங்கத்தைத் தினமும் ஆறு வேளை கழுவிக்கொண்டிருப்பவள் சின்னம்மா. அவளைக் கேட்டுவிட்டுப் பேசட்டும்.