பத்து வயதுக்கு இவ்வளவு பாரமா?

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கினால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எத்தனையோ பிள்ளைகளுக்குக் காலையில் வயிற்றுவலி வருகிறது. மருந்தெடுக்கப் போனால் நோய் ஒன்றுமில்லை என்பார்கள். சின்னப் பிள்ளைக்குப் பயத்தைச் சொல்லத் தெரியாது. சாப்பாட்டை ஒதுக்கும், நகம் கடிக்கும், மறந்துபோன பழக்கமாய்ப் படுக்கையை நனைக்கும். அதை நடிப்பென்று அதட்டுவது கொடுமை.

வெட்டுப்புள்ளியைத் தாண்டாவிட்டாலும் தரம் 6 இருக்கவே இருக்கிறது. பெறுபேற்றை வாட்ஸ்அப்பில் போட்டு ஒப்பிடுவது பெற்றோரின் போட்டி, பிள்ளையினுடையது அல்ல. இரவில் மாதிரி வினாத்தாளை மூடிவிட்டு நேரத்துக்குத் தூங்க விடுங்கள். டியூஷன் இல்லாத மாலையில் காலிமுகத்திடலுக்குக் கூட்டிப் போங்கள். பயம் வாரக்கணக்கில் நீடித்தால் பொரளை சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் மருத்துவமனையில் காட்டலாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைத்தும் பேசலாம்.