'மிதவாத இஸ்லாம்' பயிற்சித் திட்டம் தொடர்பாக எமது நிலைப்பாடு



ஊர்ப் பள்ளிவாசல்களின் ஜமாஅத்தார்கள், மத்ரஸா நிர்வாகிகள், அஹதிய்யா ஆசிரியர்கள், சகோதர சகோதரிகள் அனைவரின் கவனத்திற்கும்.

கடந்த விசேட பொதுக்கூட்டம் எப்படிக் கலைந்தது என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை. வெளிநாட்டுத் தூதுவராலயம் ஒன்றின் நிதியில், கொழும்பு அரச சார்பற்ற நிறுவனம் ஒன்றின் ஊடாக, எமது மௌலவிமாருக்கும் அஹதிய்யா ஆசிரியர்களுக்கும் 'மிதவாத இஸ்லாம்' பற்றிப் பயிற்சி தரும் திட்டத்தில் நாம் இணைவதா இல்லையா என்பதே பிரச்சினை. நிர்வாக சபை இரண்டு தடவை மஷூரா செய்து பின்வரும் நிலைப்பாட்டை எடுத்திருக்கிறது. எல்லாச் சொல்லும் எல்லோருக்கும் உடன்பாடானது என்று சொல்ல முடியாது. ஆனாலும் இது சபையின் தீர்மானம்.

இத்திட்டத்தில் எமது சம்மேளனம் தற்போதைய வடிவில் இணையாது.

'தற்போதைய வடிவில்' என்பது சில உறுப்பினர்களின் வேண்டுகோளின் பேரில் சேர்க்கப்பட்டது. இளைஞர்களுக்கான தொழிற்பயிற்சி, ஆங்கில வகுப்பு, சிங்கள வகுப்பு போன்றவற்றுக்கு எவர் உதவினாலும் கொள்கையளவில் ஆட்சேபம் இல்லை. அதுவும் தேவை ஏற்படின் தனியாகப் பரிசீலிக்கப்படும்.

இனி விடயத்துக்கு வருவோம். மறுப்புக்கான முதற் காரணம் அந்த விண்ணப்பப் படிவம். கூட்டத்துக்கு வராதவர்கள் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். பெயர், முகவரி, கல்வித் தகைமை என்று சாதாரணமாகத்தான் தொடங்குகிறது. மூன்றாம் பக்கத்தில் தராவீஹ் எத்தனை ரக்அத் தொழுவிக்கிறீர்கள் என்று கேட்கிறது. கந்தூரி, மௌலித் பற்றி உங்கள் கருத்து என்ன என்று கேட்கிறது. வீட்டுப் பெண்கள் முகம் மூடுவதுண்டா, உம்ரா, ஹஜ் தவிர வேறு காரணத்துக்காகச் சவூதி சென்றதுண்டா என்று கேட்கிறது. கடைசியில், உங்கள் பள்ளிவாசலுக்கு வரும் இளைஞர்களில் கடும்போக்குடையோர் என நீங்கள் கருதுவோர் எத்தனை பேர் என்றொரு கேள்வி. அதன் கீழே 'மேலதிக விபரம்' என்று நான்கு வெற்றுக் கோடுகள்.

அந்த நான்கு கோடுகளில் என்ன எழுத வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்? பெயரா? வாப்பாவின் பெயரா? எந்த ஒழுங்கையில் வீடு என்றா?

தராவீஹ் கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறோம். எமது பெரிய பள்ளிவாசலில் எட்டு ரக்அத் தொழுபவர்கள் எட்டு முடிந்ததும் பின்வரிசையால் சத்தமில்லாமல் எழுந்து போவார்கள். மற்றவர்கள் இருபது தொழுது வித்ரோடு முடிப்பார்கள். நோன்புக் கஞ்சி இரு சாராருக்கும் ஒரே அண்டாவிலிருந்துதான் போகிறது. இது ஒரே நாளில் வந்த இணக்கம் அல்ல. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இதற்காக இந்த ஊரில் அடிதடி நடந்ததும் பொலிஸில் முறைப்பாடு கொடுத்ததும் மூத்தவர்களுக்குத் தெரியும். அதைப் பேசித் தீர்த்தது இந்த ஊர் மக்கள். எந்தத் தூதுவராலயமும் வந்து தீர்த்துவைக்கவில்லை. இன்று ஒருவர் எட்டுத் தொழுவது 'கடும்போக்கு', இருபது தொழுவது 'மிதவாதம்' என்று ஒரு படிவம் பிரிக்குமானால், ஆறிய புண்ணை மீண்டும் கீறுகிற வேலை அது. அதற்கு எமது மௌலவிமாரின் கையொப்பம் வேண்டுமாம்.

இந்தப் பிரிப்பு புதியதும் அல்ல. அமெரிக்காவின் ரேண்ட் நிறுவனம் 2003இல் வெளியிட்ட ஓர் அறிக்கை உலக முஸ்லிம்களை அடிப்படைவாதிகள், பாரம்பரியவாதிகள், நவீனவாதிகள், மதச்சார்பற்றோர் என்று நான்கு கூட்டமாக வகுத்தது. நவீனவாதிகளுக்குக் கைகொடு, பாரம்பரியவாதிகளை அடிப்படைவாதிகளுக்கு எதிராக நிறுத்து, இவ்விரு சாராரும் ஒன்றுசேர்வதைத் தடு என்பதே அதன் ஆலோசனையின் சாரம். சூபி வழியினரை நவீனவாதிகளின் பக்கம் சேர்த்துக்கொண்டது அந்த அறிக்கை. 2007இல் அதே நிறுவனம் மிதவாத முஸ்லிம் வலையமைப்புகளைக் கட்டியெழுப்புவது பற்றி இன்னோர் அறிக்கை வெளியிட்டது. யார் மிதவாதி என்று கண்டுபிடிக்க என்னென்ன கேட்க வேண்டும் என்ற பட்டியலும் அதில் உண்டு. எமக்கு வந்த படிவத்தைத் தயாரித்தவர் அதைப் படித்தாரா என்பது எமக்குத் தெரியாது. படிக்காமலே இவ்வளவு ஒத்துப்போனால் அது இன்னும் கவலைக்குரியது.

பிரித்தானியாவில் 'பிரிவென்ட்' திட்டத்தின் கீழ் ஆசிரியர், வைத்தியர், சமூகப் பணியாளர் பணியாற்றும் நிறுவனங்கள்மீது 2015ஆம் ஆண்டுச் சட்டம், எவரும் பயங்கரவாதத்துக்கு இழுக்கப்படாமல் தடுக்கும் கடமையைச் சுமத்தியது. அதன் பின் வகுப்பில் பிள்ளை சொல்லும் ஒரு வார்த்தையே முறையீடாகிறது. எமது குர்ஆன் மத்ரஸாக்களில் அப்படியொரு நிலை வருவதை நாம் விரும்பவில்லை. ஓதிக்கொடுக்கும் ஆலிம் பிள்ளைகளுக்கு ஆலிமாகவே இருக்கட்டும்.

சபையில் அதிக நேரம் எடுத்ததும், குரல்கள் உயர்ந்ததும் இரண்டாவது விடயத்திலேதான். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு எம்மை நாமே நிரூபிக்கும் கடமை எமக்கு உண்டு என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். சொன்னவர் எமது மரியாதைக்குரியவர். நோக்கம் நல்லதே. ஆயினும் சபை அதை ஏற்கவில்லை.

யாருக்கு நிரூபிக்க வேண்டும்? 2017 மார்ச்சில் காத்தான்குடி அலியார் சந்தியில், பின்னர் அந்தத் தாக்குதலை நடத்திய ஸஹ்ரானின் ஆட்கள் வாளோடு நின்றபோது அவர்களுக்கு எதிராக நின்றவர்களும் முஸ்லிம்கள், முறைப்பாடு செய்தவர்களும் முஸ்லிம்கள். அதன் பின் அவன் தலைமறைவானான், அரசாங்கத்தால் பிடிக்க முடியவில்லை. 2018 இறுதியில் மாவனல்லையில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டபோது துப்புத் துலக்கப் பொலிஸாருக்கு உதவியவர் ஒரு முஸ்லிம். 2019 மார்ச்சில் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தவரைத் தலையில் சுட்டார்கள். அல்லாஹ்வின் உதவியால் உயிர் தப்பினார், உடல் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்கு ஐந்து நாட்களின் பின் சாய்ந்தமருதில் வாடகை வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள்மீது சந்தேகப்பட்டு, வாசலுக்குப் போய் நீங்கள் யார் என்று கேட்டவர்கள் அயலவர்கள், எம்மைப் போன்ற சாரம் கட்டிய சாதாரண மனிதர்கள். பொலிஸாருக்குத் தகவல் போனதும் ஊரவர்களிடமிருந்துதான். உள்ளே இருந்தவர்கள் குண்டை வெடிக்கவைத்தார்கள். சிறுவர்கள் ஆறு பேர் உட்பட 15 பேர் அந்த இடத்தில் மாண்டார்கள். கதவைத் தட்டியவர்களிடம் எவரும் எந்தப் படிவமும் கேட்கவில்லை.

அந்தக் கும்பலின் உடல்களை எந்தப் பள்ளிவாசலும் பொறுப்பேற்காது என்று அகில இலங்கை ஜம்இய்யதுல் உலமா அறிவித்தது. இதற்கு மேல் என்ன நிரூபணம்?

மறுபக்கத்தில் இந்தியப் புலனாய்வுத் துறை முன்கூட்டியே எச்சரித்தும் எவரும் அசையவில்லை. உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பொலிஸ், புலனாய்வு உயரதிகாரிகளும் செலுத்த வேண்டும் என்றது. கடமை தவறியவர் யார் என்பதை நாட்டின் அதியுயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. பயிற்சி மட்டும் எமக்கு. கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் பிள்ளைகளை இழந்த கிறிஸ்தவ சகோதரர்களின் துயரத்தில் நாம் இன்றும் பங்காளிகள். அவர்கள் கேட்பது உண்மையும் நீதியும். எமது மௌலவிமாரின் வருகைப் பதிவேட்டை அவர்கள் கேட்கவில்லை.

பட்டியல்கள் எங்கே போய் முடியும் என்பதும் எமக்குத் தெரியும். 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதை நூலை எழுதியதற்காக அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் கைதானார். வன்முறைக்கு எதிரான கவிதைகள் உள்ள நூல் அது. தமிழ் தெரிந்தவர் எவரும் அரை மணி நேரத்தில் படித்துவிடலாம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஒன்றரை வருடத்துக்கு மேல் சிறையில் இருந்து 2021 டிசம்பரில் பிணையில் வந்தார். 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஓர் இளைஞனின் மூன்றரை வருடம்! 2021 மார்ச்சில் வந்த வர்த்தமானியோ, வன்தீவிரவாத மதக் கருத்து உடையவர் என்று கருதப்படுபவரை இரண்டு வருடம் வரை 'மறுவாழ்வு' நிலையத்தில் வைக்க வழிசெய்தது. உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததால் தப்பினோம். நான்கு வெற்றுக் கோடுகளுக்கும் அந்த வர்த்தமானிக்கும் இடையே எத்தனை மேசைகள் என்று எண்ணிப் பாருங்கள்.

நியாயமாக ஒன்றையும் பதிவுசெய்ய வேண்டும் என்று சபையில் வலியுறுத்தப்பட்டது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குமாறு 2021 ஜூனில் ஐரோப்பியப் பாராளுமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. கொவிட் காலத்தில் எமது ஜனாஸாக்களை எரித்தபோது ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர்களும் எமக்காகப் பேசினார்கள். அதற்கு நன்றி. மேற்கு முழுவதும் எமக்கு எதிரி என்று எவரும் இந்த அறிக்கையை வாசிக்க வேண்டாம்.

ஆயினும் மிதவாதம் பற்றி எமக்குப் பாடம் எடுக்க வருபவர்களின் வரலாறு சுத்தமானதாக இருந்திருந்தால் பேச்சு வேறு. 1980களில் ஆப்கான் பிள்ளைகளுக்குத் துப்பாக்கியையும் தோட்டாவையும் படம் போட்டு எண் கற்பித்த பாடநூல்கள் அமெரிக்க உதவிப் பணத்தில், நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் ஊடாகத் தயாரானவை. ஈரானில் மக்கள் ஆதரவோடு பிரதமராக இருந்த முஸத்திக்கை 1953இல் கவிழ்த்தது யார்? அல்ஜீரியாவில் தேர்தலில் வென்று கொண்டிருந்தவர்களை 1992 ஜனவரியில் இராணுவம் தடுத்தபோது மேற்குத் தலைநகரங்கள் கண்டும் காணாததுபோல் இருந்தன. எகிப்தில் 2013இல் தெரிவுசெய்யப்பட்ட ஜனாதிபதி முர்ஸியை இராணுவம் தூக்கியெறிந்த பிறகு, அது ஜனநாயகத்தை மீட்கும் செயல் என்ற தொனியில் பேசினார் அன்றைய அமெரிக்க இராஜாங்கச் செயலாளர் ஜோன் கெரி. வாக்குப் பெட்டிக்கு வந்தவர்களை இப்படி நடத்திவிட்டு, மிதவாதிகளைக் காணவில்லையே என்று தேடுகிறார்கள். காஸா பற்றி இங்கே எழுத வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள். ஒரு வரி மட்டும் எழுதுகிறோம்: பாதுகாப்புச் சபையில் போர்நிறுத்தத் தீர்மானங்களை வீட்டோ செய்த கை, நிதானத்தைப் பற்றி எமக்குச் சான்றிதழ் வழங்கத் தகுதியான கை அல்ல.

இதே அளவுகோல் வளைகுடாப் பணத்துக்கும் பொருந்தும். 2017 ஒக்டோபரில் மிதவாத இஸ்லாத்துக்குத் திரும்புவதாக ரியாத்தில் அறிவித்த சவூதி முடிக்குரிய இளவரசர், பனிப்போர்க் காலத்தில் மேற்கு நட்பு நாடுகள் கேட்டதனாலேயே வஹ்ஹாபியத்தைப் பரப்பப் பணம் கொடுத்தோம் என்ற பொருளில் அடுத்த வருடமே வாஷிங்டன் போஸ்ட்டுக்குச் சொன்னார். ஆக, அன்று அனுப்பச் சொன்னவர்களே இன்று துடைக்கவும் வருகிறார்கள். துடைப்பதற்கும் எமது தோளே வேண்டுமாம். ஊரில் எந்தக் கட்டடத்துக்கு எங்கிருந்து நிதி வந்தது என்ற விபரம் இனி வருடாந்தக் கணக்கறிக்கையில் சேர்க்கப்படும். இதில் சில பள்ளிவாசல்களுக்குத் தயக்கம் இருப்பதால் கால எல்லை பின்னர் அறிவிக்கப்படும்.

மகளிர் பிரிவின் வற்புறுத்தலால் இந்தப் பந்தி சேர்க்கப்படுகிறது. சபையில் ஒருமித்த கருத்து எட்டப்படவில்லை. முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தில் திருமண வயது உள்ளிட்ட திருத்தங்களைக் கேட்பவர்களை 'மேற்கின் ஏஜண்டுகள்' என்று மிம்பரில் திட்டுவது நிறுத்தப்பட வேண்டும். அந்தக் கோரிக்கை காதி நீதிமன்ற வாசல்களில் காத்திருந்த எமது பெண்களிடமிருந்து பல வருடங்களாக வருவது. தூதுவராலயங்களை எதிர்க்கும் இந்த அறிக்கையைக் காட்டி அவர்களின் வாயை எவரும் அடைக்கக் கூடாது. சட்டத்தின் விபரங்கள் பற்றிச் சம்மேளனம் பின்னர் நிலைப்பாடு எடுக்கும்.

நடுநிலை பற்றி ஓத வேண்டியதை அல்லாஹ்வின் வேதத்திலிருந்தும் ரஸூலுல்லாஹ்வின் வாழ்விலிருந்தும் ஓதுவோம். எமது கதீப்மார் ஜும்ஆ குத்பாக்களில் அதைப் பல வருடங்களாகப் பேசித்தான் வருகிறார்கள். இனியும் பேசுவார்கள். வளவாளர் தேவைப்பட்டால் நாமே அழைப்போம், பயணச் செலவையும் நாமே கொடுப்போம்.

ஏற்கெனவே படிவத்தை நிரப்பிக் கொடுத்த மௌலவிமாரைப் பற்றி ஒரு வார்த்தை. எட்டு மாதச் சம்பளப் பாக்கி உள்ள ஒருவர், மாதாந்தக் கொடுப்பனவு கிடைக்கும் என்று கையொப்பமிட்டால் அவரைக் கேள்வி கேட்பதற்கு முன் அவரது பள்ளி நிர்வாகத்தைக் கேட்க வேண்டும். அவர்கள் எவரையும் கதீப் பொறுப்பிலிருந்து நீக்கக் கூடாது, முகநூலில் பெயர் போட்டு எழுதவும் கூடாது. ஊர் பைத்துல்மாலிலிருந்து அந்தச் சம்பளப் பாக்கிகளை எதிர்வரும் ரமழானுக்கு முன் தீர்ப்பதற்குப் பொருளாளர் பணிக்கப்பட்டுள்ளார். நிரப்பாத படிவங்கள் கையில் வைத்திருப்போர் அவற்றைச் செயலாளரிடம் ஒப்படைக்கவும். நிரப்பிய படிவங்களை, குறிப்பாக மூன்றாம் பக்கத்தை, திருப்பித் தருமாறு நிறுவனத்துக்குக் கடிதம் அனுப்பப்பட்டுள்ளது. பதில் வந்ததும் பள்ளிவாசல் அறிவித்தல் பலகைகளில் ஒட்டப்படும்.

நிர்வாக சபை சார்பாக,
தலைவர், செயலாளர்