தானாக அணையும் செல்போன்! பேட்டரி நோய்க்குப் போனையே தலைமுழுகுவதா?

அணைகிறது. எரிகிறது. மறுபடியும் அணைகிறது!

பேசிக் கொண்டு இருக்கும்போதே பேச்சு அறுந்து போகிறது. திரையில் கம்பெனி பெயர் வந்து நிற்கிறது. ஒரு நிமிஷம் கழித்து, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி போன் மறுபடி முழித்துக் கொள்கிறது. "ரீஸ்டார்ட் ஆகுது" என்று இந்த நோய்க்கு ஜனங்கள் பெயர் வைத்து விட்டார்கள்.

வன்னியம்பட்டி விலக்கில் பஸ் ஏறினால் ஒரு பக்கம் ராஜபாளையம், மறு பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர். எந்தப் பக்கம் போனாலும் செல்போன் ரிப்பேர் கடைக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் நோயைச் சரியாகப் பார்த்துச் சொல்ல எத்தனை பேர்?

"போர்டு போச்சு அண்ணாச்சி. புதுசு வாங்கிடுங்க!"

கண்ணால் பார்த்ததும் இப்படித் தீர்ப்புச் சொல்லும் ஆசாமிகளும் உண்டு. ஒரு மாதச் சம்பளம் காலி. அல்லது மாதத் தவணையில் புதுக் கடன்!

இது நியாயமா? நிச்சயம் இல்லை. தானாக அணைந்து எரியும் போன்களில் பலவற்றுக்கு வந்திருப்பது சாகிற நோய் அல்ல. சில்லறை வைத்தியத்தில் தீருகிற நோய்தான். அதைச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லாததுதான் பெரிய நோய்!

போன் அல்ல, பர்ஸ்!

முன்பு டெலிபோன் கெட்டால் பேச்சு நின்று போகும். அவ்வளவுதான். இன்று கதை வேறு.

கடைக்காரருக்குப் பணம் வருவது போனில். குமாஸ்தாவுக்கு ஓ.டி.பி. வருவது போனில். கேஸ் சிலிண்டர் பதிவதும், டிக்கெட் எடுப்பதும் அதிலேதான். போன் அணைந்தால் பர்ஸ் பூட்டிக் கொண்டது என்று அர்த்தம்.

பணம் அனுப்பும் நேரத்தில் போன் அணைந்து விட்டதா? பதறி அடித்து இரண்டாம் முறை அனுப்பாதீர்கள். முதலில் பேங்க் கணக்கைப் பாருங்கள்.

கணக்கில் பணம் கழிந்து, கடைக்காரருக்கு உறுதி வராமல் போயிருந்தால், 5 நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமானால், நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு இது. எத்தனை பேர் கேட்டு வாங்குகிறோம்?

ஏன் அணைகிறது?

முதல் குற்றவாளி, பேட்டரி!

வீட்டில் தண்ணி மோட்டார் போட்டதும் லைட்டு மங்குகிறதே, பார்த்திருப்பீர்கள். போனுக்குள்ளும் அதேதான். கேமராவைத் திறக்கிறீர்கள், வீடியோ பார்க்கிறீர்கள். அந்த நொடியில் போன் அதிக மின்சாரம் கேட்கிறது. புதுப் பேட்டரி கொடுத்து விடும். கிழட்டுப் பேட்டரியால் முடியாது. வோல்டேஜ் சட்டென்று இறங்கும். போனின் மூளை தன்னைக் காப்பாற்றிக் கொள்ள மூடிக் கொள்ளும்.

அடையாளம் சுலபம். முப்பது சதவீதம் சார்ஜ் காட்டும்போதே போன் செத்து விடுகிறதா? சார்ஜரில் செருகினால் ஒழுங்காக ஓடுகிறதா? பேட்டரி மீது சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது குற்றவாளி, சூடு. நம்ம ஊர் சித்திரை வெயிலில் வண்டி ஹாண்டிலில் போனை மாட்டி, வழி காட்டச் சொல்லி, சார்ஜும் போட்டால் அது என்ன செய்யும்? ஐபோனை 35 டிகிரி வரைதான் பயன்படுத்தலாம் என்று ஆப்பிள் கம்பெனியே எழுதி வைத்திருக்கிறது. நம்ம ஊரில் கோடையில் 35 டிகிரி என்பது காலை நேரக் கணக்கு!

மூன்றாவது, பவர் பட்டன். அழுக்கு ஏறி, உள்ளே அமுங்கியே கிடக்கும். இறுக்கமான கவர் அதை அழுத்திக் கொண்டே இருக்கும். யாரோ விடாமல் அழுத்துகிறார்கள் என்று நினைத்துப் போன் அணைந்து எரியும். பத்துப் பைசா செலவில்லாத வைத்தியம், கவரைக் கழற்றுவதுதான்!

நான்காவது, சாப்ட்வேர். இடமே இல்லாமல் நிரம்பி வழியும் போன், பாதியில் நின்ற அப்டேட், சரியாக எழுதப்படாத ஆப்.

ஐந்தாவதுதான் போர்டு. அதற்கு முன் நான்கு பேரை விசாரிக்காமல் இவனைத் தூக்கில் போடுவது என்ன நீதி?

பெரிய கம்பெனிகளின் டபாய்ப்பு!

உள்ளூர்க் கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. உலகப் பெரிய கம்பெனியே இந்த விஷயத்தில் கையும் களவுமாகச் சிக்கியது.

2016-ல் ஐபோன் 6எஸ் போன்கள் தானாக அணைந்தன. 2015 செப்டம்பர், அக்டோபரில் தயாரான ஒரு பகுதிப் போன்களில் பேட்டரிக் கோளாறு என்று ஆப்பிள் ஒப்புக் கொண்டது. இலவசமாகப் பேட்டரி மாற்றியது. சரி.

ஆனால் அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. 2017 ஜனவரியில் ஒரு அப்டேட் வந்தது. அணைவது குறைந்தது. கூடவே, பேட்டரி பழசான போன்களின் வேகமும் குறைந்தது! "போன் பழசாகி விட்டது போல" என்று நம்பி எத்தனை பேர் புதுசு வாங்கினார்களோ!

டிசம்பரில் குட்டு வெளிப்பட்டது. ஆப்பிள் மன்னிப்புக் கேட்டது. 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணத்தை 29 டாலராகக் குறைத்தது. இத்தாலி 2018-ல் 1 கோடி யூரோ அபராதம் போட்டது. பிரான்ஸ் 2020-ல் 2.5 கோடி யூரோ போட்டது. அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் போட்ட வழக்கில் 50 கோடி டாலர் வரை தரச் சம்மதித்தது கம்பெனி.

ஆப்பிள் மட்டும் அல்ல. எல்.ஜி. ஜி4 போன்கள் அணைந்து எரிந்து கொண்டே இருந்த விவகாரத்தில், உள்ளே பாகங்களின் இணைப்பு தளர்ந்திருப்பதை 2016 ஜனவரியில் எல்.ஜி. ஒப்புக் கொண்டது. நெக்சஸ் 6பி போன் வழக்கில் கூகுளும் ஹுவாவேயும் 2019-ல் 97.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்து கொண்டன.

இதில் பாடம் என்ன? அங்கே ஜனங்கள் கேட்டார்கள். கிடைத்தது. இங்கே நாம் கேட்பதில்லை!

2007-ஐ நினைவிருக்கிறதா? நோக்கியாவின் பி.எல்.5சி பேட்டரி சார்ஜ் போடும்போது சூடாகலாம் என்று உலகம் முழுவதும் 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகளைப் பற்றி எச்சரிக்கை வந்தது. அன்று பின்மூடியை நகத்தால் நெம்பி, பேட்டரியை எடுத்து, நம்பரைப் பார்க்க முடிந்தது. இன்று? பசை போட்டு ஒட்டி, உள்ளே புதைத்து விட்டார்கள். பேட்டரி மாற்றுவதே ஆபரேஷன் ஆகி விட்டது!

நீங்களே பார்க்கும் வைத்தியம்

கடைக்கு ஓடும் முன் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்.

கவரைக் கழற்றுங்கள். மெமரி கார்டு இருந்தால் எடுத்து விட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். வேறு நல்ல சார்ஜர் போட்டுப் பாருங்கள். தேவையில்லாத வீடியோவை அழித்து இடம் உண்டாக்குங்கள். கம்பெனி அப்டேட் இருந்தால் போடுங்கள்.

ஆண்ட்ராய்டு போனில் 'சேப் மோடு' என்று ஒன்று உண்டு. பவர் பட்டனை அழுத்தினால் 'பவர் ஆப்' என்று வரும். பல போன்களில் அதையே விடாமல் அழுத்திப் பிடித்தால் சேப் மோடு கேட்கும். அதில் நீங்கள் ஏற்றிய ஆப்கள் ஓடாது. சேப் மோடில் போன் அணையவில்லை என்றால், குற்றவாளி ஏதோ ஒரு ஆப். கடைசியாக ஏற்றியதில் இருந்து ஒவ்வொன்றாக நீக்குங்கள்.

போனின் முதுகு வீங்கி இருக்கிறதா? திரை தூக்கிக் கொண்டு நிற்கிறதா? எச்சரிக்கை! சார்ஜ் போடாதீர்கள். அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள். தலைமாட்டில் வைத்துத் தூங்கவே தூங்காதீர்கள். நேராகக் கடைக்குக் கொண்டு போங்கள்.

எல்லா ரீஸ்டார்ட்டும் கோளாறு அல்ல!

2024 நவம்பரில் அமெரிக்கப் போலீசார் திடுக்கிட்டார்கள். வழக்கில் கைப்பற்றி வைத்திருந்த ஐபோன்கள் தாமாகவே ரீஸ்டார்ட் ஆயின! பேயா, பிசாசா? இரண்டும் இல்லை. நாள் கணக்கில் திறக்காமல் கிடந்தால் போன் தன்னைத் தானே அணைத்து எரித்துக் கொள்ளும்படி ஆப்பிள் செய்திருந்தது. திருடன் கையில் சிக்கினால் உள்ளே இருப்பதை எடுப்பது கஷ்டமாகும். 2025-ல் கூகுளும் ஆண்ட்ராய்டு போனுக்கு இதே காவலைக் கொண்டு வந்தது. மூன்று நாள் பூட்டியே கிடந்தால் ரீஸ்டார்ட்!

ஆனால் இன்னொரு வகை உண்டு. அதுதான் ஆபத்து. கல்யாணப் பத்திரிகை என்றும், டிராபிக் அபராதச் சலான் என்றும் வாட்ஸ்அப்பில் 'ஏ.பி.கே.' பைல் வருகிறது. தொட்டால் திருட்டு ஆப் உள்ளே புகுந்து விடும். அதன் பிறகு போன் காரணம் இல்லாமல் சூடானால், அணைந்தால், உடனே நெட்டை நிறுத்துங்கள். பேங்குக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930-க்குப் போன் போடுங்கள். நேரம் போனால் பணமும் போகும்!

கடையில் ஏமாறாதீர்!

ரிப்பேருக்குக் கொடுக்கும்போது சிம் கார்டைக் கழற்றிக் கொள்ளுங்கள். படம், நம்பர் எல்லாம் வேறு இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள். பணம் அனுப்பும் ஆப்பை நீக்கி விடுங்கள். திறக்கும் பின் நம்பரைச் சீட்டில் எழுதிப் போன் முதுகில் ஒட்டிக் கொடுக்கிறோமே, அது பீரோச் சாவியைத் தெருவில் தொங்க விடுகிற வேலை. சாம்சங் போன்கள் பலவற்றில் 'மெயின்டனன்ஸ் மோடு' இருக்கிறது. அதைப் போட்டால் உங்கள் படங்கள் ரிப்பேர்காரர் கண்ணில் படாது.

என்ன கோளாறு, என்ன பாகம், என்ன விலை என்று எழுதி வாங்குங்கள். பில் கேளுங்கள். பில் தர மறுப்பதே நுகர்வோர் சட்டப்படி முறைகேடான வியாபாரம்!

கோர்ட்டு பக்கத்திலேயே இருக்கிறது!

வாரண்டி காலத்திலேயே போன் அணைந்து எரிகிறது, கம்பெனி சர்வீஸ் சென்டர் இழுத்தடிக்கிறது என்றால் என்ன செய்வது? முதலில் 1915 நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம்.

அதிலும் தீரவில்லையா? விருதுநகர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் எங்கே இருக்கிறது தெரியுமா? விருதுநகரில் அல்ல. நம்ம ஸ்ரீவில்லிபுத்தூரில்! வன்னியம்பட்டிக்காரருக்கு ஒரு பஸ் டிக்கெட் தூரம்.

கம்பெனி டெல்லியில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்கிறது 2019-ம் வருஷச் சட்டம். 5 லட்சம் ரூபாய் வரை உள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கையில் பில் இருக்க வேண்டும். அதுதான் முக்கியம்!

நாம் கேட்பது

மத்திய அரசு 2022 டிசம்பரில் 'ரிப்பேர் உரிமை'க்கு என்று ஒரு இணையதளம் திறந்தது. எந்தப் போனை எவ்வளவு சுலபமாக ரிப்பேர் செய்யலாம் என்று மார்க் போடும் திட்டத்துக்கு 2024-ல் குழு அமைத்தது. 2025 மே மாதம் அந்தக் குழு அறிக்கையும் கொடுத்தது. பிரான்சில் 2021-லேயே கடையில் போன் பக்கத்திலேயே இந்த மார்க் எழுதி வைக்கத் தொடங்கி விட்டார்கள். ஐரோப்பாவில் 2025 ஜூன் 20 முதல், 800 தடவை சார்ஜ் ஏற்றிய பிறகும் பேட்டரிக்கு 80 சதவீத பலம் இருக்க வேண்டும் என்று சட்டமே வந்து விட்டது.

நமக்கு மட்டும் ஏன் கூடாது? ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் நம்ம தமிழ்நாட்டுப் பெண் பிள்ளைகள் கையால் ஐபோன் தயாராகிறது. ஆனால் ராஜபாளையத்தில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் தம்பிக்கு ஒரிஜினல் பேட்டரி கிடைப்பது குதிரைக் கொம்பு. அவர் எதையோ வாங்கிப் போடுகிறார். மூன்று மாதத்தில் மறுபடி அணைகிறது. பழி மட்டும் அவர் தலையில்!

ஒரிஜினல் பேட்டரியை நியாய விலையில் எல்லா ரிப்பேர் கடைக்கும் கம்பெனிகள் தர வேண்டும். பேட்டரி மாற்ற என்ன கட்டணம் என்று கடை வாசலில் போர்டு வைக்க வேண்டும். ரிப்பேர் மார்க்கைப் போன் பெட்டி மேலேயே அச்சடிக்கச் சட்டம் வர வேண்டும்.

அது வரை ஜனங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். "போர்டு போச்சு" என்று யாராவது சொன்னால், "பேட்டரியை மாற்றிப் பார்த்தீங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அந்த ஒரு கேள்வியில் உங்கள் ஒரு மாதச் சம்பளம் மிஞ்சலாம்!