விலங்குருவும் கல்முயலும்

கணினி விளையாட்டுக்களை இலக்கிய விமர்சனத்தின் அளவுகோல் கொண்டு நோக்குதல் பொருந்தாது என்பாருளர். விளையாட்டு விளையாட்டாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்பது அவர்தம் வாதம். ஆயின், ஒரு நாவலின் பெயரையும் பாத்திரங்களையும் உரிமம் பெற்று, அவற்றைக் காட்டியே சந்தைக்கு வரும் ஆக்கமொன்று, அந்நாவலின் உயிர்நிலையை என்ன செய்தது என்று வினவுவதை எவ்வாறு தவறெனலாம்?

ஜே. கே. றோலிங் 1999இல் வெளியிட்ட 'ஹரி பொட்டரும் அஸ்கபான் கைதியும்' என்னும் நாவலின் உயிர்நிலை விலங்குருவெடுக்கும் மாயமேயாகும். லூப்பின் என்பவன் மாணவப் பருவத்தில் முழுநிலவுதோறும் ஓநாயாக மாறுகிறான். அது அவன் வேண்டிப் பெற்ற ஆற்றலன்று. சிறுவயதிற் பட்ட கடியினால் வந்த பிணி. அவ்வோநாய் மனிதருக்கே கொடியது, விலங்குகளுக்கு அன்று. இதனையறிந்த நண்பர் மூவர், அவனைத் தனியே தவிக்கவிட மனமின்றி, ஏறத்தாழ மூன்றாண்டுகள் களவாகப் பயின்று, கலைமானாகவும் நாயாகவும் எலியாகவும் மாறக் கற்கின்றனர். நட்பின் பொருட்டுக் கற்ற அவ்வித்தையே பின்னர் துரோகத்திற்கும் துணைபோகிறது. எலியுருவெடுக்கும் பீற்றர் பெற்றிகுறூ, நண்பரைக் காட்டிக்கொடுத்துவிட்டு, 12 ஆண்டுகள் ஒரு குடும்பத்தின் வளர்ப்புப் பிராணியாக ஒளிந்து வாழ்கிறான். அவ்வீட்டுப் பிள்ளை ரொன், அவ்வெலியின் பொருட்டு உற்ற தோழியுடனேயே பகைத்துக்கொள்கிறான். தான் காத்துநிற்பது யாரை என்பது அவனுக்குத் தெரியாது. நாயுருவெடுக்கும் சிரியஸ் பிளாக்கோ அதே 12 ஆண்டுகளும் செய்யாத குற்றத்திற்காகச் சிறையிற் கிடந்து, மெலிந்த நாயாகக் கம்பிகளினூடே நழுவித் தப்புகிறான். இறந்த தந்தையை ஹரி நெருங்கியுணர்வதும் ஒரு கலைமானின் உருவிலேதான்.

இந்நாவலின் திரைப்படம் வெளிவந்த 2004ஆம் ஆண்டிலேயே எலக்ரோனிக் ஆர்ட்ஸ் நிறுவனம் அதன் விளையாட்டு வடிவத்தையும் வெளியிட்டது. அதிலே நாவலில் இல்லாத மந்திரங்கள் புகுத்தப்பட்டுள்ளன. ஒன்று கல்முயலை உயிர்முயலாக்குவது. மற்றொன்று கல்லாலான பறவைநாகத்தை, அதாவது டிராகனை, உயிர்பெறச் செய்வது. விளையாடுவோன் அம்முயலைச் சிறு துவாரத்தினூடே செலுத்துகிறான், பொருளை எடுக்கிறான், அப்பாற் செல்கிறான். இங்கு மாறுபவர் எவருமில்லை, மாற்றப்படுவது கல். கல்லுக்கு நண்பருமில்லை, இழப்புமில்லை, திரும்ப வரமுடியாது போய்விடுமோ என்ற அச்சமுமில்லை. கதை சொல்லும் இடைக்காட்சிகளில் எதைக் காட்டினாலும், விளையாடுவோன் கைக்கு வருவது இக்கல்முயலே. பூட்டிய கதவுக்கு ஒரு திறவுகோல் தேவைப்பட்டது. அதற்கு இரண்டு நீண்ட காதுகளை ஒட்டிவிட்டார்கள்.

சிறுவர்க்குரிய விளையாட்டில் இத்துணைப் பாரத்தை ஏற்றலாமா என்று கேட்கப்படும். நாவலும் சிறுவர்க்கென எழுதப்பட்டதே என்பதை இவ்வாறு கேட்போர் வசதியாக மறந்துவிடுகின்றனர். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் உரோமக் கவிஞர் ஓவிட் பாடிய அக்டியோன் கதையும் மாயக்கதைதான். மானாக்கப்பட்ட அவ்வேட்டைக்காரன், தன்னைக் கவ்வும் தன் நாய்களை அதட்டவும் மனிதக்குரலின்றி மடிகிறான். உருமாற்றத்தின் கொடுமை அக்குரலிழப்பிலேயே தங்கியுள்ளது.

இன்னொரு சமாதானமும் உண்டு: விளையாட்டு என்னும் சாதனம் அகவுணர்வைத் தாங்காதாம். நின்ரெண்டோ நிறுவனம் 2006இல் வெளியிட்ட 'செல்டா' தொடரின் 'அந்தி இளவரசி' இக்கூற்றை மறுக்கப் போதுமானது. அதன் நாயகன் லிங்க் தன் விருப்பின்றியே ஓநாயாகிறான். அவ்வுருவில் அவன் நகருக்குட் புகுந்தால் மக்கள் அலறியோடுவர். காவலர் ஈட்டியுடன் சூழ்வர். மனிதரோடு பேச்சற்றுப்போகும் அவனுக்கு விலங்குகளின் பேச்சு விளங்குகிறது. கண்காணாத மணத்தின் தடம் தெரிகிறது. ஒன்றை இழந்து ஒன்றைப் பெறும் அனுபவத்தை விளையாடுவோன் தன் கைவிரல்களாலேயே உணர்கிறான். குறை சாதனத்தினுடையதன்று.

ஹரி பொட்டர் உலகைக் கொண்டு 2023இல் வெளிவந்த 'ஹொக்வாற்ஸ் லெகசி' தொழில்நுட்பத்தில் எத்துணையோ வளர்ந்துள்ளது. அதிலும் எதிரியை வெறும் பொருளாக மாற்ற விளையாடுவோனுக்கு மந்திரமுண்டு. தானே விலங்காக மாற வழியில்லை. அஸ்கபானின் கம்பிகளுக்கிடையே நுழையப் பார்க்கும் அந்த மெலிந்த நாயை, அல்லது ரொன்னின் சட்டைப்பைக்குள் மூச்சடக்கிக் கிடக்கும் அந்த எலியை, ஒரு நாழிகையேனும் விளையாடுவோன் கையில் ஒப்படைக்க இரண்டு விளையாட்டுக்களுக்கும் துணிவு வரவில்லை.