வேலை மனிதருக்காகவே: வீட்டுக்குள் வந்துவிட்ட அலுவலகமும் நம் குடும்பங்களும்



மே மாதம் முதலாம் நாளை உலகம் தொழிலாளர் நாளாகக் கொண்டாடுகிறது. அதே நாளில் தொழிலாளரான புனித சூசையப்பரைத் திரு அவை நினைவுகூர்கிறது. இவ்விழாவைத் திருத்தந்தை 12ஆம் பயஸ் 1955ஆம் ஆண்டில் ஏற்படுத்தினார். இந்நாளையொட்டி, பிரித்தானியாவில் வாழும் நம் குடும்பங்களில் ஓசையின்றி வளர்ந்துவரும் ஒரு சிக்கலைப் பற்றி உங்களோடு மனம்விட்டுப் பேச விரும்புகிறேன்.

இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போது இருவகைக் காட்சிகளை அடிக்கடி காண்கிறேன். ஒரு வீட்டில் தாய் சமையலறை மேசையின் ஓரத்தில் மடிக்கணினியோடு அமர்ந்திருக்கிறார். காலையில் திறந்த கணினி, பிள்ளைகள் உறங்கிய பின்னும் மூடப்படுவதில்லை. இன்னொரு வீட்டில் தந்தை கைபேசியைப் பார்த்தபடி இருக்கிறார். நாளைக்கு வேலை உண்டா, எத்தனை மணிக்கு என்று முதலாளியின் வாட்ஸ்அப் செய்தி வந்தால்தான் அவருக்குத் தெரியும். முன்னவர் அலுவலகப் பணியாளர். பின்னவர் கடைப் பணியாளர். ஊதியம் வேறு, சூழல் வேறு. ஆயினும் இருவரின் துன்பமும் ஒன்றே: தம் நேரத்தின்மீது தமக்கு உரிமை இல்லை. நெகிழ்வான வேலைமுறை என்று பேசும்போது நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி இதுதான்: அந்த நெகிழ்வு யாருக்காக?

வீட்டிலிருந்து வேலை செய்வது நமக்குப் புதிதன்று. நம் ஊர்களில் பொற்கொல்லரின் பட்டறை வீட்டு முகப்பிலேயே இருந்தது. தையற்காரர் திண்ணையில் அமர்ந்து தைத்தார். ஆனால் பொழுது சாய்ந்ததும் சுத்தியலைக் கீழே வைத்தால் வேலை முடிந்தது. இன்றைய கருவியோ இரவிலும் தலைமாட்டில் ஒளிர்கிறது. வேலை வீட்டுக்கு வந்ததில் தீங்கில்லை; வந்த வேலை திரும்பிப் போக மறுப்பதே தீங்கு.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் நாடு முடக்கப்பட்டபோது, முடியாது என்று சொல்லப்பட்டுவந்த பல வேலைகள் சில நாள்களிலேயே வீடுகளுக்கு மாறின. அதனால் விளைந்த நன்மையை மறுக்க இயலாது. பயண நேரம் மிஞ்சியது. பிள்ளை பள்ளியிலிருந்து வரும்போது வீட்டில் பெற்றோர் ஒருவர் இருந்தார். நடமாடச் சிரமப்படுவோருக்கும், முதிய பெற்றோரைப் பராமரிப்போருக்கும் அடைபட்டிருந்த வேலைவாய்ப்புகள் திறந்தன. இவை மீண்டும் பறிபோகக் கூடாது.

அதே வேளையில், புதிதாக இந்நாட்டுக்கு வந்து ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கும் இளைஞரை எண்ணிப் பாருங்கள். கட்டிலே அவருக்கு அலுவலகம். நாள் முழுவதும் திரையில் முகங்களைக் கண்டும் ஒருவரோடும் உண்மையாகப் பேசாமல் படுக்கச் செல்கிறார். நம் பெண்களின் நிலை வேறொரு வகையில் கடினமானது. “வீட்டில்தானே இருக்கிறாய்” என்ற ஒரே சொல்லில் அவர்களின் அலுவலகப் பணி இல்லாததாகிவிடுகிறது. கூட்டத்தில் பேசிக்கொண்டே சோற்றை வடிக்க வேண்டும் என்று குடும்பம் எதிர்பார்த்தால் அதை நெகிழ்வு என்று அழைக்கலாமா? அது இரட்டைச் சுமை. கணவன்மாரே, மாமன் மாமியரே, கதவு சாத்தியிருக்கும் நேரத்தை வேலை நேரமாக மதியுங்கள்.

நல்ல வேலைத்தலத்தை அமைக்கப் பெருஞ்செலவு தேவையில்லை. வேலை எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்பது தெளிவாக இருக்க வேண்டும். பணியாளர் திரைமுன் அமர்ந்திருக்கிறாரா என்று கண்காணிப்பதை விட்டு, ஒப்படைத்த பணி முடிந்ததா என்று பார்க்க வேண்டும். நேரம் கடந்து செய்தி அனுப்பினாலும் மறுமொழியை மறுநாள் எதிர்பார்த்தால் போதும். நல்ல நாற்காலியும் மேசையும் சலுகைகள் அல்ல. வீட்டிலிருந்து பணிபுரிவோரின் உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் வேலை வழங்குபவரே பொறுப்பு என்பது இந்நாட்டுச் சட்டம். அதோடு, மனிதர் மனிதரை நேரில் காணும் நாள் ஒன்றும் அவ்வப்போது வேண்டும்.

நம்மில் பலர் அறியாத மாற்றம் ஒன்று உண்டு. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் முதல் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்து ஆகிய பகுதிகளில் ஒரு பணியாளர் வேலையில் சேரும் முதல் நாளிலேயே நெகிழ்வான வேலைமுறையை எழுத்தில் கோரலாம். முன்பு அதற்கு 26 வாரங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. 12 மாதங்களுக்குள் இரண்டு முறை கோரலாம். நிறுவனம் இரண்டு மாதங்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். பணியாளருடன் கலந்து பேசாமல் மறுக்க முடியாது. மறுப்பதானால் சட்டம் குறிப்பிடும் எட்டுக் காரணங்களுள் ஒன்றேனும் பொருந்த வேண்டும். இது கேட்கும் உரிமையே அன்றி, கேட்டதைப் பெறும் உரிமை அன்று. முகவர் நிறுவனம் வழியாக வேலைக்குச் செல்வோருக்கு இது பெரும்பாலும் பொருந்தாது என்பதும் உண்மை. ஆயினும் கேட்காதவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. “கேட்டால் தவறாக நினைப்பார்கள்” என்ற அச்சத்தில் ஆண்டுக்கணக்காக உடலை வருத்துவோர் நம்மிடையே பலர்.

பிரான்சிலும் கனடாவிலும் வாழும் உங்கள் உறவினரைக் கேட்டுப் பாருங்கள். பிரான்சில் 2017ஆம் ஆண்டு முதல், 50 பேருக்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள் வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமையைப் பற்றித் தொழிலாளர் தரப்போடு பேச வேண்டும். ஒன்ராறியோவில் 25 அல்லது அதற்கு மேற்பட்டோரைக் கொண்ட நிறுவனங்கள் இதுகுறித்து எழுத்திலான கொள்கை வைத்திருக்க வேண்டும். பிரித்தானியாவில் இதுவரை இத்தகைய தனிச் சட்டம் இல்லை. எனவே இங்கே அந்த எல்லையை நாமே பேசி வகுக்க வேண்டியிருக்கிறது.

“சுவாமி, இவையெல்லாம் கணினி வேலை செய்வோருக்கு. பெற்றோல் நிலையத்தையும் பராமரிப்பு இல்லத்தையும் வீட்டுக்கு எடுத்துவர முடியுமா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முதியவரைக் குளிப்பாட்டும் கை அங்கேயே இருக்க வேண்டும். ஆனால் நெகிழ்வு என்பது இடத்தை மட்டும் குறிப்பதன்று. ரோட்டாவை இரண்டு வாரங்களுக்கு முன்பே தருவதும், பிள்ளையின் பள்ளி நிகழ்வுக்காகச் சக பணியாளரோடு ஷிப்டை மாற்றிக்கொள்ள இடமளிப்பதும் நெகிழ்வுதான்.

சில அடிப்படை உரிமைகள் எல்லாருக்கும் உரியவை. ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் 20 நிமிட இடைவேளை. இரண்டு வேலை நாள்களுக்கிடையே 11 மணி நேர ஓய்வு. வாரத்துக்கு ஒரு முழுநாள் ஓய்வு, அல்லது இரண்டு வாரங்களுக்கு இரண்டு நாள். ஆண்டுக்கு 5.6 வாரங்கள் ஊதியத்துடன் விடுமுறை. ஷிப்ட் மாறுவோருக்குச் சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால் அப்போதும் ஈடான ஓய்வு தரப்பட வேண்டும். இரவு 11 மணிக்குக் கடையைப் பூட்டியவரைக் காலை 6 மணிக்குத் திறக்கச் சொல்வதை நம்மிடையே சிலர் இயல்பாகவே கருதுகிறோம், அது இயல்பன்று. கடைப் பணியாளர்கள், ஞாயிறு வேலைக்கென்றே அமர்த்தப்பட்டிருந்தாலன்றி, மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுத்து ஞாயிறு வேலையிலிருந்து விலகலாம் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். திருப்பலிக்கு வர ஏங்கியும் வர இயலாதோர் இதை நினைவில் வையுங்கள்.

விசா அனுசரணையில் வந்து பராமரிப்புப் பணி செய்வோருக்கு ஒரு சொல். வேலை போனால் நாட்டில் இருக்கும் உரிமையும் போய்விடுமோ என்ற உங்கள் அச்சம் கற்பனையன்று. ஆயினும் ஓய்வும் விடுமுறையும் உங்களுக்கும் உரியவை. தனியாகத் தடுமாறாமல் ஏகாஸ் அமைப்பின் இலவச ஆலோசனையை நாடுங்கள். நம் பங்கிலுள்ள படித்த இளையோரையும் துணைக்கு அழையுங்கள்.

இனி, நம்மிடையே உள்ள முதலாளிமாருக்கு. உங்கள் நெருக்கடியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வாடகையும் மின்கட்டணமும் ஏறுகின்றன. மூன்று பேரை வைத்து ஏழு நாளும் கடை நடத்துவது எளிதன்று. ஆனால் ரோட்டாவை முன்கூட்டியே எழுத எவ்வளவு செலவாகும்? இரவு பத்து மணிக்கு அனுப்பும் செய்தியைக் காலைக்குத் தள்ளிவைத்தால் என்ன நட்டம்? ஒருவர் நொந்து விலகினால் புதியவரைத் தேடவும் பழக்கவும் ஆகும் செலவோ மிகப் பெரிது. சுவர் இருந்தால்தான் சித்திரம். “நம்ம ஊர்ப் பொடியன்தானே” என்று உரிமை எடுத்துக்கொள்வதைவிட, நம்ம ஊர்ப் பொடியன் என்பதற்காகவே கூடுதல் நீதியோடு நடத்துவதுதான் உறவுக்கு அழகு.

முதலில் வந்த தலைமுறையினர் பகலில் ஒன்று, இரவில் ஒன்று என இரண்டு வேலை பார்த்தார்கள். ஊரில் தங்கைமாரைக் கரைசேர்த்தார்கள், தம்பிமாரை வெளியே எடுத்தார்கள். அந்தத் தியாகத்தின்முன் தலைவணங்குகிறேன். ஆனால் “நாங்கள் பட்டோம், நீங்களும் படுங்கள்” என்று அதை அளவுகோலாக்க வேண்டாம். போரும் இடப்பெயர்வும் அவர்கள்மேல் சுமத்திய கட்டாயம் அது. வாழ்க்கைக்கு வகுத்த இலக்கணம் அன்று. தந்தையின் முகத்தை ஞாயிற்றுக்கிழமை மட்டுமே கண்டு வளர்ந்த பிள்ளைகள் அதன் விலையை அறிவார்கள்.

தொழிலாளரின் நிலை குறித்துத் திருத்தந்தை 13ஆம் லியோ 1891ஆம் ஆண்டில் சுற்றுமடல் எழுதினார். அதன் 90ஆம் ஆண்டையொட்டி 1981இல் புனித இரண்டாம் யோவான் பவுல் மனித உழைப்பைப் பற்றி எழுதினார். இளமையில் கற்குழியிலும் தொழிற்சாலையிலும் உழைத்தவர் அவர். வேலை மனிதருக்காக இருக்கிறது, மனிதர் வேலைக்காக அல்ல என்பதே அவருடைய போதனையின் சாரம். கணினிமுன் இருந்தாலும் கல்லாப்பெட்டிமுன் இருந்தாலும் இது மாறாது.

ஆகவே இந்த மாதத்தில் மூன்று செயல்களை உங்களிடம் வேண்டுகிறேன். பணியாளர்களே, உங்களுக்குத் தேவையான ஒரு மாற்றத்தையேனும் எழுத்தில் கேளுங்கள். முதலாளிமாரே, அடுத்த ரோட்டாவை இரண்டு வாரங்களுக்கு முன்பே கொடுங்கள். குடும்பத்தாரே, இரவு உணவு வேளையில் எல்லாக் கைபேசிகளையும் வேறோர் அறையில் வையுங்கள். அந்த அரைமணி நேரத்தில் அலுவலகம் நம் வீட்டை விட்டு வெளியேறட்டும்.

உழைக்கும் உங்கள் கைகளையும், ஓய்வுக்கு ஏங்கும் உங்கள் உள்ளங்களையும் இறைவன் ஆசீர்வதிப்பாராக.

செபத்துடன்,
உங்கள் பங்குப் பணியாளர்