டோக்கன் யார் பையில் இருக்கிறது?

பார்த்தால் பென்டிரைவ் மாதிரி இருக்கும். கணினியில் செருகிக் கடவுச்சொல்லை அடித்தால்தான் ஊராட்சியின் நிதிக்குழு மானியத்திலிருந்து ஒரு ரூபாய் நகரும். 2020 ஏப்ரல் 24 அன்று மத்திய அரசு தொடங்கிய ‘இ-கிராம் ஸ்வராஜ்’ தளம் வந்த பிறகு இந்த மானியத்துக்குக் காசோலை கிடையாது. பைப் உடைந்தாலும் சரி, மோட்டார் எரிந்தாலும் சரி, இரண்டு பேர் டிஜிட்டல் கையொப்பம் போட வேண்டும். அதற்கான சாவிதான் அந்த டோக்கன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் போயிருந்த ஓர் ஊராட்சியில், தலைவரின் டோக்கன் அவர் கணவரின் சட்டைப்பையில் இருந்தது. “அம்மாவுக்கு கம்ப்யூட்டர் வராதுங்க” என்றார் ஊராட்சிச் செயலர். பயிற்சிக்குப் போனீர்களா என்று அந்த அம்மாவிடமே கேட்டேன். “போனேன் சார். சுவத்துல படம் போட்டுக் காட்டுனாங்க. கையெழுத்து வாங்கிட்டு சாப்பாடு குடுத்தாங்க. இதை ஒருதரம்கூட செருகிப் பாக்கச் சொல்லல.”

உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடஒதுக்கீடு தந்த மாநிலம் தமிழ்நாடு. அந்த அதிகாரம் ஒரு சட்டைப்பைக்கு இடம் மாறியதற்கு ஆணாதிக்கம் மட்டும் காரணமல்ல. பயிற்சியைத் தலைகளை எண்ணி முடிக்கும் வழக்கத்துக்கும் அதில் பங்கு உண்டு. ஊராட்சிப் பயிற்சியை முக்கிய நோக்கமாகக் கொண்ட ராஷ்ட்ரிய கிராம் ஸ்வராஜ் அபியான் திட்டத்துக்கு 2022-23 முதல் 2025-26 வரை ஒதுக்கியது 5,911 கோடி ரூபாய். தமிழ்நாட்டில் மறைமலைநகர், பவானிசாகர், பட்டுக்கோட்டை என்று பயிற்சி நிலையங்களுக்கும் குறைவில்லை. எத்தனை பேர் வந்தார்கள் என்பது பதிவேட்டில் இருக்கும். வந்தவர் மறுநாள் தானாகப் பட்டியல் போட்டாரா என்பது எதிலும் இருக்காது.

உண்மையான பயிற்சி வேறெங்கோ நடக்கிறது. பணம் திரும்பி வந்துவிட்டால், கடைக்காரரின் வங்கிக் கணக்கு எண் தவறா, செலவுக் கணக்கின் தலைப்பு தவறா என்று செயலருக்குச் சொல்வது கையேடு அல்ல. பக்கத்து ஊராட்சியின் கெட்டிக்காரச் செயலர் அனுப்பும் வாட்ஸ்அப் குரல் பதிவு. ஒன்றியத்துக்கு ஒருவராவது இப்படி இருப்பார். தன் ஊர் வரி வசூலையும் தண்ணீர்ச் சண்டையையும் பார்த்துக்கொண்டு, சம்பளமில்லாத ஆசிரியராகவும் இருப்பார். அவரை எந்தத் திட்ட அறிக்கையும் கணக்கில் சேர்ப்பதில்லை.

2025 ஜனவரி 5-ஆம் தேதி 28 மாவட்டங்களில் ஊராட்சிப் பதவிக்காலம் முடிந்தது. 9,624 கிராம ஊராட்சிகளின் தலைவர்கள், ஐந்தாண்டுகளில் தட்டுத்தடுமாறிக் கற்றதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். தனி அலுவலராக வந்தவர் வட்டார வளர்ச்சி அலுவலர். சராசரியாக முப்பது ஊராட்சிகளின் கையொப்பம் ஒரே மேசைக்கு வந்து சேர்ந்தது. புதிய தலைவர்கள் வரும்போது மறுபடியும் அரிச்சுவடியிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆள் மாறும் பதவிக்கு ஒரு வகுப்பு, ஆள் மாறாத செயலருக்கும் அதே வகுப்பு என்பது என்ன கணக்கு?

கேரளம் 1999-இல் ‘இன்ஃபர்மேஷன் கேரளா மிஷன்’ அமைத்து, உள்ளாட்சிகளுக்கு மென்பொருளோடு தொழில்நுட்ப உதவியாளர்களையும் அனுப்பியது. அதை அப்படியே இங்கே நகலெடுக்க முடியாது. அங்கே 941 ஊராட்சிகள். ஒவ்வொன்றும் நம் ஊராட்சிகள் பலவற்றைச் சேர்த்த அளவு பெரியது. இங்கே பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். ஆனால் ஊராட்சி ஒன்றியங்கள் 388-தான். ஒன்றியத்துக்கு ஒருவரை இதற்கென்றே வைத்து, இருசக்கர வண்டியில் ஊர் ஊராக அனுப்பினால் போதும். நூறு நாள் வேலைப் பதிவுகளுக்காக எடுத்த கணினி உதவியாளர் தலையில் இதையும் கட்டக் கூடாது. வகுப்பு ஊராட்சி அலுவலகத்திலேயே, அந்த ஊர் மோட்டார் பழுதுப் பட்டியலை வைத்தே, தலைவரின் விரல் விசைப்பலகையில் இருக்கும்படி நடக்கட்டும். கணவருக்கு வெளியே தேநீர் கொடுக்கலாம்.

அந்த அம்மாவை அண்மையில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்களா என்றேன். “பீரோவுலதான் கெடக்கு சார். யாரும் கேக்கல.”