மருந்துக்கு மசியாத பூச்சி

"எத்தனை தடவை மருந்து கொடுத்தாலும் பூச்சி போக மாட்டேங்குது சார். சனியனைக் கொண்டுபோய் விட்டுடலாம்னு இருக்கோம்!"

தென்காசிப் பக்கம் பூனை வளர்க்கிற வீடுகளில் இந்த வசனம் சர்வ சாதாரணம். கொண்டுபோய் விடுவது என்றால், சாக்கில் போட்டுக் கட்டி, குற்றாலம் ரோட்டிலோ மீன் மார்க்கெட் ஓரத்திலோ அவிழ்த்துவிடுவது. குற்றம் செய்தது புழு. நாடு கடத்தப்படுவது பூனை!

1960-ம் வருடத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி, வளர்த்த பிராணியைப் பசியில் வாடும்படி கைவிடுவது குற்றம். முதல் தடவை அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாயில் இருந்து 50 ரூபாய் வரை. குற்றாலத்தில் ஒரு பிளேட் மிளகாய் பஜ்ஜி சாப்பிடுகிற காசு. யார் பயப்படுவார்கள்?

சரி, பூச்சி ஏன் போகவில்லை? மருந்து மோசம் என்பது சோம்பேறித்தனமான பதில். எந்தப் பூச்சி என்றே பார்க்காமல் மருந்து கொடுத்தால் அது எப்படிப் போகும்?

பூனையின் வால் அடியிலும் படுக்கையிலும் அரிசி மாதிரி நெளிகிறதே, அது நாடாப்புழுவின் துண்டு. அதற்குப் பிராசிகுவான்டல் என்ற மருந்து நன்றாகவே வேலை செய்யும். ஆனால், இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி அரிசி நெளியும். காரணம், தெள்ளுப்பூச்சி. புழுவின் முட்டையைத் தெள்ளின் குஞ்சு தின்கிறது. வளர்ந்த தெள்ளைப் பூனை நக்கி விழுங்குகிறது. உள்ளே புதுப் புழு ரெடி! தெள்ளுக்கு ஈரப்பதம் என்றால் கொண்டாட்டம். ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை சாரல் அடிக்கிற ஊரில் கேட்கவா வேண்டும்? நமக்கு சீசன் என்றால் அதற்கும் சீசன்தான்.

ஆக, வயிற்றுக்கு மட்டும் மருந்து கொடுப்பது, குழாயை மூடாமல் தரையைத் துடைக்கிற வேலை. வீட்டில் இருக்கிற எல்லாப் பூனைக்கும் நாய்க்கும் ஒரே சமயத்தில் தெள்ளு மருந்து போட வேண்டும். படுக்கைத் துணியை வெந்நீரில் அலச வேண்டும். மூலை முடுக்கெல்லாம் பெருக்க வேண்டும். அதற்காக நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் மருந்தைப் பூனை மேல் ஊற்றிவிடாதீர்கள். நாய்க்கு மருந்து, பூனைக்கு எமன்.

இன்னொரு கூத்து, பள்ளிக்கூட மாத்திரை. 2015-ல் இருந்து தேசியக் குடற்புழு நீக்க நாளில், 1 முதல் 19 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு அல்பெண்டசோல் கொடுக்கிறார்கள். நல்ல திட்டம். அதில் மிஞ்சியதைப் பொடி செய்து பாலில் கலந்து பூனைக்கு வைக்கிறார்களே, அதுதான் கொடுமை. எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு ரத்த அணுக்கள் குறைந்த பூனைகள் உண்டு. "அப்ப வெள்ளைப்பூண்டு குடுக்கலாமா?" வேண்டாம்மா. பூண்டு பூனையின் சிவப்பணுக்களையே உடைக்கும். இயற்கை என்பதற்காக எல்லாம் பத்தியமாகிவிடாது.

சில சமயம் உள்ளே இருப்பது புழுவே இல்லை. ஜியார்டியா போன்ற ஒரு செல் உயிர். கண்ணுக்குத் தெரியாது, பேதி மட்டும் நாற்றத்தோடு வந்துகொண்டே இருக்கும். வழக்கமான பூச்சி மாத்திரைக்கு அது அசையாது. ஒரு நாள் மலத்தில் அகப்படாமல் மறுநாள் அகப்படும். அதனால் இரண்டு மூன்று நாள் மலத்தைச் சோதிக்க வேண்டும்.

மைக்ராஸ்கோப்பில் ஒரு துளி மலத்தைப் பார்ப்பது பெரிய ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. பக்கத்து அரசு கால்நடை மருத்துவமனையில் கேளுங்கள். அங்கே வசதி இல்லை என்றால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் 2012-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மலத்தைப் பார்க்காமலே சீட்டுக் கிழிக்கிற டாக்டர்களே, உங்களுக்கும்தான் சொல்கிறேன். 2019-ல் தென்காசி தனி மாவட்டமானது. மாவட்டத் தலைநகரில் பூனைக்கு ஒரு மலப் பரிசோதனை என்பது ஆடம்பரக் கோரிக்கையா?

'பூனைதானே' என்று அலட்சியம் பண்ணாதீர்கள். பூனையின் உருண்டைப்புழு முட்டை மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அந்த மண்ணில் விளையாடிவிட்டுக் கையை வாயில் வைக்கிற பிள்ளைக்குக் கண் பார்வைகூடப் பாதிக்கப்படலாம். சாக்கில் கட்டித் தெருவில் விட்ட பூனை அந்த முட்டையைத் தெருவெல்லாம் விதைத்துக்கொண்டு போகும். அந்தத் தெருவில்தான் உங்கள் பேரனும் விளையாடுகிறான்.

சாக்கை மடித்து வையுங்கள். ஒரு சின்ன டப்பாவில் மலத்தை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.